ஒரு மயிரிழை முன்னால்

உடுக்கையின் முதல் அடி சரியான இடத்தில் விழுந்தது. குணசீலனுக்கு அது பிடிக்கவில்லை.

பதினெட்டு வருஷமாக அவன் பாட்டுப் பதிவு செய்கிற மென்பொருளுக்கு ஒரு குணம் இருந்தது. எதைப் பதிந்தாலும் ஒரு மயிரிழை தாமதமாகக் கொண்டுபோய் வைக்கும். உடுக்கையோ தவிலோ பாடுகிறவனின் குரலோ, பதிந்து முடித்ததும் குணசீலனின் கை மவுஸைப் பிடித்து திரையில் அந்தத் துண்டை இடதுபக்கம், சற்று முன்னால் வரும்படி, ஒரு இழுப்பு இழுக்கும். எவ்வளவு என்று அவன் அளந்ததில்லை. நடக்கும்போது வேட்டி நழுவினால் கை தானாகப் போய் இறுக்கிக்கொள்வது மாதிரிதான். கீபோர்டு வாசிக்கும்போதும் அப்படியே. கட்டையை அழுத்திச் சற்றுப் பொறுத்துத்தான் சத்தம் வரும் என்பதால், விரல்கள் தாளத்துக்கு முன்னாலேயே போய் விழப் பழகிவிட்டிருந்தன. விரலோடு சேர்ந்து காதும் பழகியிருந்தது. சத்தம் வரப்போகும் இடத்துக்குக் காது முன்கூட்டியே போய்க் காத்துக்கொண்டிருக்கும்.

இப்போது அந்த மென்பொருளைச் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனி, உள்ளே இருந்த நிரலை அடியோடு கலைத்துப் புதிதாக எழுதிவிட்டது. நெடுநாள் குறையாக இருந்த தாமதம் நீக்கப்பட்டது என்று திரையில் அறிவிப்பு வந்தது. பழைய பதிப்பு இனித் திறக்காது என்றும் வந்தது. கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். குணசீலன் அதை அழுத்தினான். அழுத்துவதற்கு வேறு பொத்தான் இல்லை.

அன்று ஷட்டவுன் நாள். பள்ளிபாளையத்தில் பாட்டுப் பதிய வேறு நாள் கிடையாது. மற்ற நாளெல்லாம் தெரு முழுக்கத் தறிப்பட்டறைகள் ஓடும். அந்தத் தடதடப்பு சுவர் ஏறி, தரை ஏறி, சொம்புத் தண்ணீரில்கூட வளையம் போடும். குணசீலன் தன் வீட்டு மாடி அறையின் சுவரிலும் கூரையிலும் தேங்காய்நார் மெத்தையும் ஸ்பாஞ்சும் ஒட்டி, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு வைத்து, இடுக்கெல்லாம் ரப்பர் திணித்திருந்தான். உள்ளே கை தட்டினால் சத்தம் கைக்குள்ளேயே செத்துப்போகும். அப்படியும் தறி தரை வழியாக ஏறி வந்து மைக்கில் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே மாதத்தில் ஒரு நாள், மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தித் தறிகள் எல்லாம் ஓய்கிற அந்த ஒரு நாளில்தான், சுற்றுவட்டாரப் பாட்டுக்காரர்கள் அவன் வீட்டுப் படியேறுவார்கள். கம்ப்யூட்டரும் மைக்கும் இன்வெர்ட்டரில் ஓடும். ஏசியை அது தாங்காது. ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பாடிவிட்டு, சட்டை உடம்போடு ஒட்ட, கதவைத் திறந்துகொண்டு காற்றுக்கு ஓடுவார்கள்.

முதலில் வந்தவன் சின்னண்ணன். சேந்தமங்கலத்துக்காரன், பண்டிகைக்குப் பண்டிகை பாடுகிறவன், குணசீலனோடு சேர்ந்தே தலை நரைத்தவன். உடுக்கையைப் பதிந்ததும் குணசீலனின் கை வழக்கம்போல இடதுபக்கம் இழுத்துவிட்டது. போட்டுக் காட்டியபோது சின்னண்ணன் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"ஏன் மாப்ள, உடுக்கை என்னைய உட்டுப்போட்டு முன்னால ஓடுது? ஈரோட்டு பஸ்ஸு ஏதும் புடிக்கோணுமா அதுக்கு?"

இருவரும் சிரித்தார்கள். குணசீலன் அந்தத் துண்டைத் திரும்ப வலதுபக்கம் தள்ளி வைத்தான். அடுத்த துண்டையும் கை இழுத்தது. அதையும் தள்ளினான். கை மறுபடியும் மவுஸுக்குப் போனபோது அதைத் தொடைக்கடியில் வைத்து மேலே உட்கார்ந்துகொண்டான்.

சின்னண்ணன் மைக்கின் முன்னால் போய் நின்றான். ஹெட்போனில் பாட்டின் முதல் சொல் கேட்டது. அதற்கப்புறம் சின்னண்ணனின் வாய் திறந்தது.

வித்தியாசம் மிகக் கொஞ்சம். இன்னொருவனாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டான். குணசீலன் ஹெட்போனைக் கழற்றினான். கைக்கெட்டும் தூரத்தில் நின்று சின்னண்ணன் பாடிக்கொண்டிருந்தான். குரல் முன்னால் போயிற்று. உதடு பின்னால் வந்தது.

தூக்கமின்மை என்று நினைத்துக்கொண்டான். வெயில் என்று நினைத்துக்கொண்டான். அடுத்த சில நாட்கள் அப்படி நினைத்துக்கொண்டே ஓடின. கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தபின் அதன் தலையில் ஆவி எழுந்தது. தெருவில் லாரியின் ஏர் ஹாரன் அலறி அடங்கியபின் லாரி முனை திரும்பியது. ஆற்றங்கரைக் காகித ஆலையின் நாற்றம் வழக்கமான நேரத்துக்கு வந்தது, பட்டறைகளின் பஞ்சு வாசமும் எண்ணெய் வாசமும் அதனதன் நேரத்துக்கு வந்தன. மூக்கும் கண்ணும் இன்றைய நேரத்திலேயே இருந்தன. காது மட்டும் அவனை விட்டு முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் மனைவி மதுமதி அவனுக்கு முதுகைக் காட்டி நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். மாவு தீர்ந்துபோயிற்று, கடைக்குப் போய் வாங்கி வாருங்கள் என்று அவள் சொல்வது கேட்டது. வாரேன் என்றான். உடனே அவள் குரல் மறுபடியும் கேட்டது.

"ஏனுங்க, நான் இன்னும் கேக்கவே இல்லீங்களே."

அப்புறம்தான் அவள் அரிவதை நிறுத்தினாள். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள். அப்புறம்தான் அவள் வாய் அசைந்தது. அது அசைந்தபோது எந்தச் சத்தமும் வரவில்லை. அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது.

பாலத்தைத் தாண்டி ஈரோட்டில் காது டாக்டரிடம் போனான். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினான். வெளியே மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் முகம் சுருங்கியது. மிஷின் சத்தம் கொடுப்பதற்கு முன்னாலேயே அவன் அழுத்திக்கொண்டிருந்தான். ஊகித்து அழுத்தக்கூடாது, கேட்டபின் அழுத்துங்கள் என்று அவள் கண்டித்தாள். அந்தக் கண்டிப்பையும் அவன் முன்பே கேட்டுவிட்டிருந்தான். பிறகு வேண்டுமென்றே, ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, ஒரு மூச்சு நேரம் பொறுத்து அழுத்தினான். காதில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தான். பதினெட்டு வருஷம் ஒருவன் ஒரு சுவரில் சாய்ந்தபடியே நிற்கிறான். சாய்ந்திருப்பதே அவனுக்கு மறந்துபோகிறது. ஒருநாள் யாரோ நல்லெண்ணத்தோடு வந்து, சுவர் கோணலாக இருக்கிறது என்று எடுத்துவிடுகிறார்கள். அவன் விழத்தானே வேண்டும். விழுந்துகொண்டிருந்தான். தரை எங்கே என்றுதான் தெரியவில்லை.

பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தான். அது திறக்க மறுத்தது. கம்பெனிக்கு எழுதினான். பழைய பயனர்களுக்குப் பழகச் சில வாரம் ஆகலாம் என்று பதில் வந்தது. அந்த மென்பொருள்காரர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் உலகம் முழுவதிலிருந்தும் புலம்பியிருந்தார்கள். கை இன்னும் இடதுபக்கம் இழுக்கிறது என்றான் ஒருவன். தாளம் பிடிபடவில்லை என்றான் இன்னொருவன். அடியில், நாடும் பெயரும் தெரியாத ஒருவன் மட்டும் வேறு மாதிரி கேட்டிருந்தான். உங்களில் யாருக்காவது ஆள் இருக்கிற வீடு காலியாகக் கேட்கிறதா? அதற்கு யாரும் பதில் போடவில்லை.

இடைவெளி வளர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, தாவித் தாவி. காலையில் எழுந்தால் மத்தியானத்துச் சத்தம் கேட்டது. பிறகு காலையில் எழுந்தால் நாளைய சத்தம். மதுமதி பேசும்போது அவள் உதட்டைப் பார்த்து ஊகித்துப் பதில் சொன்னான். பாதி தப்பாகப் போயிற்று. பாதிக்கு அவள் அழுதாள். அவர்களுடைய மகள் தனப்பிரியா மூன்றாம் வகுப்பு படித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு அப்பாவின் எதிரே நின்று அன்றைய கதை முழுவதையும் கொட்டுகிறவள். இப்போது அவள் கொட்டும்போது ஒன்றும் கேட்பதில்லை. அவள் தூங்கியபின், இருட்டில், நாளைய கதை கேட்கும். இலக்கியா என்கிற பிள்ளை ரப்பரைக் கடித்து முழுங்கியதை, டீச்சர் அவள் முதுகில் தட்டியதை, எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துச் சொல்லும் மகளின் குரலைக் கேட்டபடி, தூங்குகிற அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். உதடு அசையாது. மறுநாள் அவள் எதிரே நின்று வாயை அசைக்கும்போது சரியான இடத்தில் சிரிப்பான். அவளுக்கு அது போதவில்லை. அப்பாவுக்குக் கோபமா என்று அவள் மதுமதியைக் கேட்டதுகூட அவனுக்கு ஒருநாள் முன்னதாகவே கேட்டது.

சேலத்தில் அற்புதராஜ் இருந்தான். மாதா கோயில்களுக்குப் பாட்டுப் பதிகிறவன். அவனும் குணசீலனும் ஒரே வருஷத்தில் அந்த மென்பொருளைக் கற்றவர்கள். ஒருநாள் குளித்துக்கொண்டிருக்கும்போது, தலையில் தண்ணீரை ஊற்றிய அந்த நிமிஷம், அற்புதராஜின் மனைவி இன்பமேரியின் குரல் குணசீலனின் வலது காதில் கேட்டது. போனில் கேட்பதுபோலக் கரகரத்தது. அவன் கையில் சொம்புதான் இருந்தது.

"அவர்கிட்ட பேச முடியாதுங்க தம்பி. காதைப் பொத்திக்கிட்டு உட்காந்திருக்காரு. மண்ணு விழற சத்தந்தான் கேக்குது, மேல மேல விழுதுன்னாரு. இந்த வாரம் அதுவும் இல்லையாம். ஒண்ணுமே கேக்கலையாம்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "ஆளு நல்லாத்தான் இருக்காரு. நேரத்துக்கு இட்லி சாப்பிடறாரு."

சோப்பு கண்ணில் எரிய எரிய அப்படியே நின்றான். அவளைக் கூப்பிடக்கூடாது என்று முடிவு செய்தான். கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. அடுத்த நாள் போனை எடுத்து எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டான். மணி அடிப்பதும் கேட்கவில்லை, எடுப்பதும் கேட்கவில்லை. திரையில் நொடிகள் ஓடத் தொடங்கியதும், அற்புதராஜ் எப்படி இருக்கிறான் என்று அந்த வெறுமையைப் பார்த்துக் கேட்டான். கேட்டுவிட்டுக் காத்திருந்தான். அவள் பேசி முடிக்கிற அளவு நேரம் ஆனபின் வைத்துவிட்டான்.

சனிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அவன் தன் குரலையே கேட்டான்.

"தனா."

ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை. தொண்டை கிழிகிற கத்தல். அதன் பிறகு பதில் ஏதாவது வருகிறதா என்று உருட்டிய சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். என்னப்பா என்கிற ஒரு சொல். ஒரு சிணுங்கல். ஒரு இருமல். எதுவும் வரவில்லை. எதிரே தனா அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் தூவிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கத்தலை அவன் மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். அதன் பின்னால் தறிச் சத்தம் இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தான். பள்ளிபாளையத்தில் பிறந்து வளர்ந்த எவனும் அதைத்தான் கவனிப்பான். இந்த ஊரில் தறி கேட்காத கத்தல் என்றால் அது ஷட்டவுன் நாளில் கத்தியது. செவ்வாய்க்கிழமை ஷட்டவுன் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அந்தக் கத்தலில் எதிரொலியும் கொஞ்சமும் இல்லை, முகத்தில் தலையணையை வைத்து அழுத்தினதுபோல மொட்டையாக இருந்தது. சத்தத்தை வைத்தே பிழைத்தவன் அதையும் யோசித்திருக்க வேண்டும். அவன் தறியை மட்டும்தான் யோசித்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மற்றவை கேட்டன. மரம் பிளக்கும் சத்தம். நிறையக் கால்கள் படியேறும் சத்தம். மதுமதியின் குரல், அழுகையில்லாமல், மிக அருகில்: "என்ன பண்ணீட்டீங்க." வண்டிக் கதவு. தெரியாத ஆண்களின் பேச்சு. என்ன பண்ணிவிட்டீர்கள் என்று அவள் கேட்டதை அவன் இப்படித்தான் புரிந்துகொண்டான்: அத்தனை முன்கூட்டியே தெரிந்திருந்தும் பிள்ளையைக் காப்பாற்றாமல் விட்டுவிட்டீர்களே என்கிறாள். திங்கட்கிழமை வேறு சத்தங்கள். இரும்புக் கதவு ஒன்று உருளும். விசில் ஊதும். யாரோ வரிசையாகப் பெயர்களை வாசிக்க, ஆண் குரல்கள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லும். தட்டுகள் மோதும். எந்த ஆஸ்பத்திரியில் இப்படி விசில் ஊதுவார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

மதுமதியிடம் சொன்னான். செவ்வாய்க்கிழமை பிள்ளையை வெளியே விடாதே என்றான். சாலை வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம், கிணறு வேண்டாம், மொட்டை மாடி வேண்டாம் என்றான். அவள் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாயை அசைத்தாள். புதன்கிழமை சேலத்துக்குப் போகலாம், பெரிய டாக்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேன் என்று அவன் புரிந்துகொண்டான். செவ்வாய் பரீட்சை, பிள்ளை போகத்தான் வேண்டும் என்று புரிந்துகொண்டான். புதன்கிழமை என்ற ஒரு நாளை அவள் அத்தனை நம்பிக்கையாகச் சொல்வது அவனுக்குக் கோபத்தைக் கொடுத்தது.

செவ்வாய் காலையில் தெருவின் அதிர்வு நின்றது. தறிகள் ஓய்ந்ததைக் காதால் தெரிந்துகொள்ள முடியவில்லை. சொம்புத் தண்ணீர் அசையாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். மதுமதி பின்கட்டில் துணி துவைக்கப் போயிருந்தாள். தனா சீருடையில் நின்று ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வா சாமி. இன்னிக்கு உன்ற பாட்டைப் பதியலாம்."

அவள் முகம் மலர்ந்தது. எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். படியில் அவனுக்கு முன்னால் ஓடினாள்.

வெளிக்கதவை மூடித் தாழ் போட்டான். உள்கதவை மூடித் தாழ் போட்டான். ரப்பர் இடுக்கில் போய் உட்கார்ந்ததை விரலால் தடவிப் பார்த்தான். இங்கே லாரி வராது. கரண்ட் கம்பி கிடையாது. தண்ணீர் கிடையாது. பாம்பு நுழைய ஓட்டை கிடையாது. சாயங்காலம் தறி ஓடத் தொடங்கும்போது தரை அதிரும். அதுவரை போதும்.

மைக்கைத் தாழ்த்தி அவள் உயரத்துக்கு வைத்தான். பதிவை ஓடவிட்டான். அவளைக் கேட்க முடியாது. பார்க்கலாம். திரையில் பச்சைக் கோடு அவள் குரலுக்கு ஏற்ப எழும்பித் தாழ்ந்தது, ஒரு மயிரிழைகூடத் தாமதம் இல்லாமல். அவள் வாய் திறக்கும்போது கோடு எழும்பியது. மூடும்போது படுத்தது. குணசீலன் பல நாட்களுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டான். கோடு எழும்புகிறவரை பிள்ளை இருக்கிறாள். காதில் யாரோ ஒரு ஆண் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

பாடினாள். கைகொட்டி ஆடினாள். பாட்டெல்லாம் தீர்ந்ததும் வாய்ப்பாடு சொன்னாள் போலிருந்தது. இன்வெர்ட்டர் விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் அவள் நெற்றி பளபளத்தது. ஸ்பாஞ்சின் பழைய புழுதி வாசமும், சூடேறிய வயரின் வாசமும், தேங்காய்நாரின் ஊறல் வாசமும் சேர்ந்து அறைக்குள் கஞ்சிபோல் கெட்டியாயின. கூரைமேல் சித்திரை வெயில். அவள் ரிப்பனை அவிழ்த்தாள். சட்டைப் பொத்தானைத் திறந்தாள். கதவைக் காட்டினாள். அவன் தலையாட்டினான், கூடாது.

கோடு பெரிதாக எழும்பியது. சிவப்பைத் தொட்டது. நல்லது. சத்தமாகப் பாடுகிறாள். அவள் கதவருகே போனாள். கதவை அடித்தாள். அவன் தூக்கிக்கொண்டு வந்து மைக்கின் முன்னால் விட்டான். முதுகு நெருப்பாக இருந்தது.

கொஞ்சம் பொறு சாமி. கொஞ்சம்.

தரையில் உட்கார்ந்தாள். கோடு சிறுத்தது. பிறகு இன்னும் சிறுத்தது. வாய் திறந்துதான் இருந்தது. உதடு காய்ந்து வெளுத்திருந்தது. எழும்பு, என்று அவன் கோட்டைப் பார்த்துச் சொன்னான். தன் குரல் அவனுக்குக் கேட்கவில்லை. கோடு அவன் சொன்னதற்கு எழும்பியது. அவளுக்கு எழும்பவில்லை.

அப்போது உள்கதவு அசைந்தது.

சத்தம் இல்லை. ரப்பர் மட்டும் நடுங்கியது. தாழ் துள்ளியது. சட்டத்திலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. மறுபடியும். வெளிக்கதவைத் தாண்டி வந்துவிட்டது. எதுவோ, எத்தனையோ நாளாக வந்துகொண்டிருந்தது, இத்தனை அடைத்தும் வந்துவிட்டது. குணசீலன் தனாவை வாரி மடியில் போட்டுக்கொண்டு எதிர்மூலைக்கு நகர்ந்தான். முதுகு ஸ்பாஞ்சில் அழுந்தியது.

மூச்சு இருக்கிறதா? தெரியவில்லை. மார்பு அசைகிறதா? அவன் கையே நடுங்கியது, அதனால் எல்லாம் அசைந்தது. காதை அவள் நெஞ்சில் வைத்தான். துடிப்பு கேட்க வேண்டும். ஒரே ஒரு துடிப்பு.

தட்டுகள் மோதின. விசில் ஊதியது.

இன்னும் அழுத்தி வைத்தான். சின்ன நெஞ்சு. எலும்பு காதில் குத்தியது. அவள் விரல்கள் அவன் தலைமயிரைப் பற்றின. இழுத்தன. பலமாக இழுத்தன. பிள்ளைக்குப் பயம், கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள். அவனும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். இரண்டு கையாலும் முதுகைச் சேர்த்து, காதோடு நெஞ்சை, நெஞ்சோடு காதை. கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம். யாரோ பெயர் வாசித்தார்கள். யாரோ இருக்கிறேன் என்றார்கள். இன்னும் கொஞ்சம். பாதங்கள் அவன் தொடையில் உதைத்தன.

கதவின் மேல்பலகை விரிந்து ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே விழுந்தது. புழுதி அதில் மிதந்தது.

தலைமயிரைப் பற்றியிருந்த விரல்கள் தளர்ந்தன. ஒன்று. பிறகு மற்றவை. அமைதியாகிவிட்டாள். குணசீலன் காதை எடுக்கவில்லை.

பிறகு மெதுவாக முகத்தை நிமிர்த்தி அவளைப் பார்த்தான்.

திரையில் பச்சைக் கோடு தரையோடு படுத்திருந்தது. திடீரென்று மேல்விளிம்பு வரை சிவந்து எழும்பியது. படுத்தது. இன்னொரு முறை எழும்பியது. தனாவின் வாய் அசையவில்லை. அவனுடைய தொண்டை கிழிந்து எரிந்தது.